அட்டை காலாவதி, பிராக் டிக்கெட் தயார்: ஜெர்மனியில் படிக்கும் மாணவரின் கேள்விக்கு ஆலோசனை

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் முதுநிலைப் பொறியியல் படிக்கும் 24 வயது மாணவர் ஒருவரின் கடிதம் இந்த முறை. பெயர், ஊர், கல்லூரி எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார். ஆறு பக்கம் எழுதியிருந்தார். சாரத்தை மட்டும் தருகிறேன்.

2024 அக்டோபரில் போனவர். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக்கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு, லேப், அதோடு வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை. வெள்ளி மாலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வருடத்தில் பதினொரு நாடுகள். போன இடங்களை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டதில் இப்போது கொஞ்சம் பணமும் வருகிறது.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு எங்கே என்று கேட்டால் ‘லைப்ரரியில்’ என்பதுதான் பதில். போன மாதம் அத்தை மகன் அந்தச் சேனலைப் பார்த்து அப்பாவிடம் காட்டிவிட்டார். ‘வீட்டை அடமானம் வெச்சது நீ ஊர் சுத்தறதுக்கா?’ என்று கேட்டு ஃபோனை வைத்தவர், பன்னிரண்டு நாளாகப் பேசவில்லை.

இதற்கு நடுவில் அக்டோபர் 31-ஆம் தேதியோடு ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை காலாவதி ஆகிவிட்டது. செப்டம்பரிலேயே ஆன்லைனில் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார். வந்தது ஒரு மின்னஞ்சல் ஒப்புகை மட்டும்; நேரில் வரச் சொன்ன தேதி ஜனவரி 20. டிசம்பர் மூன்றாவது வாரம் நண்பர்களோடு பிராக், வியன்னா போக 140 யூரோவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பணம் திரும்ப வராது. ‘ஷெங்கனுக்குள்ள யாரும் செக் பண்ண மாட்டாங்க’ என்கிறார்கள் நண்பர்கள். (வழக்கமாக எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுதான் ஷெங்கன்.) ஒரு பாடத்தில் இரண்டு முறை ஃபெயில், மூன்றாவது தேர்வு பிப்ரவரியில். இது வீட்டுக்குத் தெரியாது. செல்ஃபோனில் சார்ஜ் இல்லாமல் ரயிலில் டிக்கெட்டைக் காட்ட முடியாததால் போட்ட 60 யூரோ அபராதம் பற்றி வந்த கடிதங்கள் பிரிக்காமல் மேசை டிராயரில் கிடக்கின்றன.

‘நான் செய்வது தப்பா? பிராக் போகலாமா? அப்பாவுக்கு என்ன சொல்வது?’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். சிலர் விசாவை மட்டும் கேட்பார்கள், சிலர் மனக்கஷ்டத்தை மட்டும். நீங்கள் இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டிருக்கிறீர்கள். நல்லதுதான், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதல் கேள்விக்கு முதலில் பதில். வார இறுதியில் ஊர் சுற்றுவது தப்பில்லை. இருபத்து நான்கு வயதில், ஐரோப்பாவின் நடுவில் இருந்துகொண்டு, நாலு சுவருக்குள் அடைந்து கிடந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். ஆனால் கிளம்பும்போது கையில் என்ன தாள் இருக்கிறது, வீட்டில் என்ன சொல்லியிருக்கிறோம் என்று பார்க்காமலே நீங்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது சிக்கியிருப்பது அந்த இரண்டிலும்தான். தேதி போட்ட விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். அப்பா ஒரு வாரம் காத்திருப்பார், தபாலில் வந்த கெடு காத்திருக்காது.

பிராக் போகலாமா?

வேண்டாம். 140 யூரோ போனால் போகட்டும்.

ஜெர்மனி கொடுத்த ரெசிடென்ஸ் பெர்மிட் நடப்பில் இருந்து, பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. இதுவரை நீங்கள் பதினொரு நாடு பார்த்தது இந்த உரிமையில்தான். அதில் ஒளிக்க எதுவுமே இல்லை. ஆனால் அந்த உரிமை அட்டை நடப்பில் இருக்கும்வரைதான்.

இங்கே நீங்கள் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். அட்டை காலாவதி ஆகும் முன்பே விண்ணப்பித்துவிட்டதால், அனுமதி தரும் வெளிநாட்டவர் அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. அதனால், ‘நான் இப்போது சட்டவிரோதமாக இருக்கிறேனோ’ என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கும் பயம் தேவையில்லை. வகுப்புக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் சட்டம் மனசுக்குள் வைத்திருக்கும் ஒன்றை எல்லையில் டார்ச் லைட்டோடு பேருந்தில் ஏறும் போலீஸ்காரரிடம் எப்படிக் காட்டுவீர்கள்? அதைத் தாளில் எழுதிக் கொடுப்பதுதான் ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங். வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் அங்கே படிக்கும் எல்லாருக்கும் ஒருநாள் பழகிவிடும். உங்களுக்கு வந்திருக்கும் மின்னஞ்சல் அந்தத் தாள் இல்லை. ‘விண்ணப்பம் வந்து சேர்ந்தது’ என்பதற்கு மேல் அதை வைத்து எல்லையில் எதுவும் பேச முடியாது.

அந்தத் தாள் கைக்கு வந்தாலும் உள்ளே மூன்று கட்டங்களில் எதில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்கு மூன்றாவது கட்டத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்து, காலாவதியான பழைய அட்டையும் பாஸ்போர்ட்டும் கூடவே இருந்தால், வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம். முதல் கட்டத்தில் குறி இருந்தால் ஜெர்மனிக்குள் இருக்கலாம், ஆனால் வெளியே போனால் அந்தத் தாளை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. இது தெரியாமல் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து, மறுபடி விசாவுக்கு வரிசையில் நின்று ஒரு பருவத்தையே தொலைத்த பிள்ளை ஒருவரை எனக்குத் தெரியும்.

‘யாரும் செக் பண்ண மாட்டாங்க’ என்பது பழைய கதை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. செக் நாட்டிலிருந்து திரும்பும் ரயிலிலும் நீண்டதூரப் பேருந்திலும் போலீஸ் ஏறுவது இப்போது சாதாரணம். உங்கள் நண்பர்கள் அட்டையை நீட்டிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இறங்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கே எல்லாம் பேசித் தெளிவாகிவிடலாம், ஆகாமலும் போகலாம். புதுப்பிக்கும் விண்ணப்பம் மேசையில் இருக்கும் நேரத்தில், செல்லாத அட்டையோடு எல்லை தாண்டினார் என்று ஒரு குறிப்பு ஏறுவது உங்களுக்குத் தேவையா? கிறிஸ்துமஸ் சந்தை அடுத்த வருடமும் போடுவார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: இன்றைக்கே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். விண்ணப்ப எண், விண்ணப்பித்த தேதி, அட்டை முடிந்த தேதி மூன்றையும் போட்டு, ஃபிக்சியோன் தாள் வேண்டும் என்று கேளுங்கள். காரணமாகப் பிராக்கை எழுத வேண்டாம். கிடங்கில் புது ஆவணம் கேட்கிறார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், உண்மையான அந்தக் காரணம் போதும். கட்டணம் 13 யூரோ. பிராக் தேதிக்குள் வந்தால் அப்புறம் யோசிக்கலாம். வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

அந்த வாரம் சும்மா இருக்க வேண்டுமா என்றால், அதுவும் வேண்டாம். உங்கள் பருவக் கட்டணத்திலேயே டாய்ச்லாண்ட் டிக்கெட் சேர்ந்திருக்கிறது. நாடு முழுக்க வட்டார ரயிலிலும் நகரப் பேருந்திலும் ட்ராமிலும் அது செல்லும். ஐசிஇ, ஐசி, இசி என்ற நீண்டதூர வண்டிகளில் செல்லாது. டிரெஸ்டனின் ஸ்ட்ரீட்செல்மார்க்ட் கிறிஸ்துமஸ் சந்தைக்கு 1434-லிருந்து வரலாறு இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பிராக் சந்தைக்குப் போவானேன்? எல்பே ஆற்றின் மேலே பாஸ்டை பாறைப் பாலம், ஹார்ட்ஸ் மலையடியில் மரச்சட்ட வீடுகளோடு குவெட்லின்புர்க். பதினொரு நாடு பார்த்த நீங்கள் சொந்த மாநிலத்திலும் பக்கத்து மாநிலத்திலும் இருக்கும் இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. கோர்லிட்ஸ் போனால் ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பழைய நகரத்துப் பாலத்தில் நைசே ஆற்றை நடந்து தாண்டினால் அந்தப் பக்கம் போலந்து. இரண்டு நிமிட நடைதான், அதுவும் எல்லைதான். அட்டை வரும்வரை இந்தக் கரையிலேயே நின்று காபி குடியுங்கள்.

இன்னொன்று, பிற்பாடு உதவும். வசந்தத்தில் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் போக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் இருக்கும் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை இந்தியக் குடிமகனுக்குச் சுவிட்சர்லாந்தில் உதவாது, டென்மார்க்கிலும் உதவாது. பனியில் வழுக்கிக் கால் உடைந்தால் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில். சில யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு கிடைக்கும், அது இல்லாமல் அந்த மலைப்பக்கம் போகாதீர்கள்.

டிராயரில் கிடக்கும் கடிதங்கள்

இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய்ப் பிரியுங்கள். டிக்கெட் உங்கள் பெயரில் உள்ளது என்பதால், அப்போதே சில நாட்களுக்குள் காட்டியிருந்தால் 7 யூரோவில் முடிந்திருக்கும். இப்போது 60 யூரோவோடு வசூல் நிறுவனத்தின் கட்டணமும் ஏறியிருக்கலாம். அதையும் கட்டிவிடலாம், பெரிய விஷயமில்லை. அன்றைய தேதிக்கு டிக்கெட் இருந்ததற்கான சான்றை இணைத்து, குறைக்க முடியுமா என்று ஒரு வரி கேட்டும் பாருங்கள். கொடுத்தால் லாபம்.

உறை மஞ்சளாக இருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். மஞ்சள் உறை என்றால் அரசோ நீதிமன்றமோ முறைப்படி சேர்ப்பித்த கடிதம். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறைமேலேயே எழுதியிருப்பார். அபராத ஆணையாகவோ தண்டனை ஆணையாகவோ இருந்தால் ஆட்சேபிக்க அந்தத் தேதியிலிருந்து இரண்டு வாரம்தான். நீங்கள் புடாபெஸ்டில் இருந்தீர்களா, பிரித்தீர்களா என்பதெல்லாம் கணக்கில்லை. டிக்கெட் இல்லாமல் போவது அங்கே குற்றவியல் சட்டத்திலும் வருகிறது. ஒருமுறை நடந்ததற்கு, அதுவும் டிக்கெட் வைத்திருந்தவருக்கு, அந்த அளவுக்குப் போவது அபூர்வம். மஞ்சள் உறை என்றால் அதை எடுத்துக்கொண்டு மறுநாளே மாணவர் பேரவையின் சட்ட ஆலோசனைக்குப் போங்கள். பல பல்கலைக்கழகங்களில் இது இலவசம்.

ஞாயிறு இரவு வந்து பையைக் கீழே வைத்ததும் முதல் வேலை தபால் பெட்டியைத் திறப்பது. நம் ஊரில் தபால் என்றால் கல்யாணப் பத்திரிகை. அங்கே அரசாங்கம் உங்களோடு பேசுவதே தபாலில்தான்.

யூடியூப் பணம்

நீங்கள் இதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கோ பிராக்கைவிட இதுதான் கவலை.

மாணவ அனுமதியில் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சில்தான் 120-லிருந்து உயர்த்தினார்கள். உங்கள் கிடங்கு வேலை அதற்குள் வசதியாக அடங்கிவிடும். ஆனால் இது ஒருவரிடம் சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கான கணக்கு. சொந்தமாகச் சம்பாதிப்பது வேறு, அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். உங்கள் அட்டையோடு கொடுத்த இணைப்புத் தாளை எடுத்துப் பாருங்கள், சுயதொழிலுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி இருக்கக்கூடும். விளம்பரப் பணம், ஒரு குளிர்கோட்டு வியாபாரி கொடுத்த 150 யூரோ, வீடியோ போடுவதற்காக விடுதிக்காரர் இலவசமாகக் கொடுத்த இரண்டு இரவு, எல்லாமே இதில் வரும். ‘பணமாக வாங்கவில்லையே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அறையாக வாங்கினாலும் கூலி கூலிதான்.

சேனலை மூட வேண்டியதில்லை. பொழுதுபோக்காக வீடியோ போடுவதை யாரும் தடுக்கவில்லை. விளம்பர வருமானத்தை இன்றே நிறுத்துங்கள், புது ஸ்பான்சர் வேண்டாம். பழைய வீடியோக்களை அவசரமாக அழிக்காதீர்கள், அது பயந்து ஒளிப்பது போல இருக்கும். இதுவரை வந்த தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். ஜனவரி 20 அன்று இதை எப்படிச் சொல்வது, வரி அலுவலகத்துக்கு என்ன தெரிவிப்பது என்று அவரிடம் கேட்டபிறகு போங்கள். நானாக ‘போய்ச் சொல்லிவிடுங்கள்’ என்றோ ‘சொல்லாதீர்கள்’ என்றோ சொல்ல மாட்டேன். தொகையையும் தாளையும் பார்க்காமல் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. படிப்பைக் கெடுக்காத சுயதொழிலுக்கு அனுமதி கேட்க வழி இருக்கிறது, அதையும் அப்போதே விசாரியுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: ரயிலில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைக் கேட்காமல் வீடியோவில் போடுவது ஜெர்மனியில் வம்பை விலைக்கு வாங்குவது.

மூன்றாவது தேர்வு

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான். மூன்றாவதும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்தில் சேர்ந்து படிப்பதும் முடியாமல் போகும். உங்கள் துறையின் தேர்வு விதியில் எத்தனை முயற்சி, வாய்மொழித் தேர்வாக ஏதாவது கடைசி வாய்ப்பு உண்டா என்று இந்த வாரமே பாருங்கள். சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். அவர் படித்தது பழைய விதியாக இருக்கலாம்.

அனுமதியைப் புதுப்பிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். நியாயமான காலத்துக்குள் படிப்பை முடிப்பீர்களா என்பதைத்தான் அலுவலகம் பார்க்கும். ஒரு பாடம் பாக்கி என்பதற்காக யாரும் அனுப்பிவிட மாட்டார்கள். மற்ற பாடங்களில் உங்கள் மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது. ஆகவே ஜனவரி 20-ஐ நினைத்து நடுங்க வேண்டாம், பிப்ரவரியை நினைத்துக் கொஞ்சம் நடுங்கலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஜூலைத் தேர்வின் விடைத்தாளைப் பார்க்கக் கொடுத்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மதியமே நீங்கள் புடாபெஸ்ட் பேருந்து ஏறிவிட்டீர்கள். திருத்திய தாளை உட்கார்ந்து பார்ப்பது அங்கே மாணவரின் உரிமை. எங்கே மதிப்பெண் போனது என்று தெரியாமல் அதே பாடத்தை மூன்றாம் முறை எழுதப் போகிறீர்கள். பேராசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டு, தாளைப் பார்க்க இன்னும் வாய்ப்பு உண்டா, இல்லையென்றால் சந்திப்பு நேரத்தில் வந்து பேசலாமா என்று கேளுங்கள். ‘அவர் என்ன நினைப்பார்’ என்ற கூச்சம் நம் பிள்ளைகளுக்கு அதிகம். அவர் ஒன்றும் நினைக்க மாட்டார், அந்த நேரம் அதற்காகவே ஒதுக்கியது.

ஜனவரியில் நாலு வார இறுதியும் ஊரிலேயே இருங்கள். தண்டனையாக இல்லை, அந்த ஒரு பாடத்துக்காக.

வெள்ளிக்கிழமை மாலை

‘வெள்ளிக்கிழமை ரூம் கதவைப் பூட்டும்போதுதான் எனக்கு மூச்சே வருகிறது’ என்று நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபிறகு பதினொரு நாட்டுப் பட்டியல் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். நீங்கள் இருக்கும் ஊரில் டிசம்பர் மாதம் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பதினாலு சதுர மீட்டர் அறை. பக்கத்து அறைக்காரர் ‘ஹலோ’வுக்கு மேல் பேசுவதில்லை. சனிக்கிழமை பேசாமல் தொடங்கினால் திங்கள் காலைவரை வாய் திறக்காமலே இருந்துவிட முடியும். சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவருக்கு இந்த அமைதி முதல் ஒரு வாரம் சுகம், அப்புறம் பாரம். நானும் வெளிநாட்டில் படித்த காலத்தில், டிவி புரியாவிட்டாலும் யாராவது பேசட்டும் என்று ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதனால் நீங்கள் ஓடுவது எனக்குப் புரிகிறது.

ஆனால் பார்க்கப் போவதும் தப்பி ஓடுவதும் ஒன்றில்லை. ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். ஞாயிறு இரவு ரயிலில் திரும்பும்போது என்ன தோன்றுகிறது? ‘அடுத்து எங்கே’ என்று தேடத் தொடங்கினால்கூடப் பரவாயில்லை. வயிற்றைப் பிசைந்து, அறைக்குப் போகாமல் ஸ்டேஷனிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். மாணவர் சேவை மையத்தில் உளவியல் ஆலோசனை இருக்கிறது. பருவக் கட்டணத்திலேயே அதற்கும் கொடுத்துவிட்டீர்கள், பெரும்பாலும் தனியாகக் காசு கிடையாது. பேசியது தேர்வு அலுவலகத்துக்கோ வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ போகாது. ‘ரெக்கார்டில் ஏறுமா’ என்றுதான் நம் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள், அதனால் சொன்னேன். ஆங்கிலத்தில் பேசுபவர் வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

அதோடு, வாரத்தில் ஒரு மாலை யாரோடாவது சேர்ந்து செய்யும் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக விளையாட்டு மையத்தில் கட்டணம் குறைவு. நீங்கள் கல்லூரியில் வாலிபால் ஆடியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை ஒரு காரணம் கிடைத்தால் வெள்ளிக்கிழமை அவ்வளவு அவசரமாக வராது.

அப்பா

நீங்கள் அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்தேன். மாதம் ஏறத்தாழ ஆயிரம் யூரோ. அதில் பயணத்துக்கு 90. கிடங்கு வேலையில் வருவது 550. அதாவது ஊர் சுற்றிய காசு அப்பாவின் கடனிலிருந்து போகவில்லை, உங்கள் கூலியிலிருந்து போயிருக்கிறது. இது உண்மை, சொல்ல வேண்டிய உண்மை. ஆனால் முதல் வாக்கியமாக இல்லை. நீங்கள் வரைந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் செய்தி ‘அப்பா, என் காசில்தான் போனேன்’ என்று தொடங்குகிறது. அதை அனுப்பாதீர்கள், தயவுசெய்து. அவர் கேட்ட கேள்வி காசைப் பற்றியது போல இருக்கும். ஒரு வருடமாக வாரா வாரம் ‘லைப்ரரி’ என்று கேட்டு, அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் பெருமையாகச் சொல்லியிருப்பார். அத்தை மகன் செல்ஃபோனில் அவர் பார்த்தது பிராடிஸ்லாவாவை இல்லை, தன்னை ஏமாற்றிய மகனை.

நீங்கள் நினைப்பது போல ‘அப்பாவுக்கு இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் புரியவில்லை’ என்பதையும் நான் ஏற்க மாட்டேன். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைத்த மனிதருக்கு உங்களைவிட ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். படிப்பு முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ வரை தவணை தொடங்காது, ஆனால் வட்டி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் 550 யூரோவில் மாதம் 60 யூரோவை அந்த வட்டிக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். நம் பணத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய். பயணம் மாதத்துக்கு ஒன்றாகக் குறையும், அவ்வளவுதான். இதை மன்னிப்பின் விலையாக நீட்டாதீர்கள். பேசி முடித்து ஒரு மாதம் கழித்துச் சும்மா அனுப்புங்கள்.

பேசும்போது எதை எல்லாம் சொல்வது? பொய் சொன்னதை முதலில், சாக்கு இல்லாமல். தேர்வில் இரண்டு முறை போனதையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள் என்பேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தூங்க மாட்டார், பிப்ரவரி முடிந்து சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இப்போது ஒன்றைச் சொல்லி, இரண்டு மாதம் கழித்து இன்னொன்று வெளியே வந்தால், அப்புறம் நீங்கள் உண்மையிலேயே லைப்ரரியில் உட்கார்ந்திருக்கும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள். அட்டை விவகாரத்தை ‘புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், ஜனவரியில் தேதி’ என்ற அளவில் சொன்னால் போதும். 81-ஆம் பிரிவெல்லாம் அவருக்கு வேண்டாம், ரத்த அழுத்தம்தான் ஏறும்.

அவர் ஃபோனை எடுக்காமல் இருக்கலாம். அம்மா வழியாகத் தூது விடாதீர்கள், அவரே இரண்டு பேருக்கும் நடுவில் திண்டாடிக்கொண்டிருப்பார். அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு நீங்களே கூப்பிடுங்கள், அதற்கடுத்த வாரமும். மறுபடி பேச ஆரம்பித்தபிறகு, போகும் ஊரிலிருந்தே அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்களே. லைப்சிக் ஸ்டேஷனில் வரிசையாகக் கிடக்கும் அத்தனை பிளாட்ஃபாரத்தையும் வீடியோ காலில் அவருக்குக் காட்ட உங்களுக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நேரத்தையும் பாருங்கள். இதுவரை நீங்கள் கூப்பிட்டதெல்லாம் ஊர் சுற்றி அறைக்கு வந்து, இரவு ஒன்பதுக்கு மேல். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம்; அங்கே ஒன்பது என்றால் இங்கே நடுராத்திரி ஒன்றரை. சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கூப்பிடுங்கள். இங்கே மதியம் ஒன்றரை ஆகியிருக்கும், அப்பா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.